சீர்வரிசைக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

நகையைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "என்னென்ன போட்டாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தைத்தான் நீட்டுவார்கள். படத்தில் ஆரம் தெரியும், ஆனால் எத்தனை பவுன், யார் போட்டது என்பதெல்லாம் தெரியாது. எதிர்த் தரப்பு "அது கவரிங்" என்று சொல்லிவிட்டால் அதை மறுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மொய்ப் பணத்தை ஊர், பேரோடு நோட்டில் எழுதும் நாம் மகளுக்குப் போட்ட நகையை எழுதுவதில்லை. கேட்டால், சம்பந்தி வீட்டில் தப்பாக நினைப்பார்களாம்.

சட்டமே இதைக் கேட்கிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்துக்காக 1985இல் வந்த விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த பரிசுகளைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் பட்டியல் போட்டு வைத்திருக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் என்ன உறவு. இரண்டு பட்டியலிலும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணத்தன்றே, முடியாவிட்டால் கூடிய சீக்கிரம்.

ஒன்று, இது கேட்காமல் கொடுப்பதற்கு மட்டும்தான். பெண் வீட்டார் தருவது வழக்கத்தையொட்டி, வசதிக்கு மீறாமலும் இருக்க வேண்டும். "இத்தனை பவுன் போடணும்" என்று பேசி வாங்கிவிட்டு அதைச் சீர் என்று சொன்னாலும் அது வரதட்சணைதான், பட்டியல் காப்பாற்றாது.

அப்புறம், அந்த நகை யாருடையது? பெண்ணுடையது, அவளுக்கு மட்டுமே. மாமியார் பீரோவிலோ கணவர் பெயரிலுள்ள லாக்கரிலோ இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது என்பதை 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். கஷ்டத்துக்கு வாங்கி அடகு வைத்த கணவருக்கும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024இல் மறுபடியும் சொன்னது. பெற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன், மகள் அதிகாரம் கொடுக்காமல் அவள் சீரை அப்பாகூடத் திருப்பிக் கேட்க முடியாது.

தலைதீபாவளி, வளைகாப்பு என்று பிறகு போடுவதையும் தேதியோடு அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கல்யாணம் முடிந்து வருஷக்கணக்காகிவிட்டதா? பரவாயில்லை, நகைக்கடை பில், பணம் எடுத்த பாஸ்புக் பக்கம் என்று கிடைப்பதையெல்லாம் இப்போதே தேடி எடுங்கள். அசல் உங்களிடம் இருக்கட்டும், ஒரு நகல் பிறந்த வீட்டில் இருக்கட்டும்.