குவிமீயொலின்னா என்ன? ஸ்கேன் இல்லீங்க, வைத்தியம்

வயித்து வலின்னு போனா அல்ட்ராசவுண்ட் எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துருவாங்க, நாமளும் கோரிப்பாளையம் பக்கம் போய் எடுத்துட்டு வருவோம், அதுனால மதுரையில அந்தப் பேருன்னாலே ஸ்கேன்னு ஆகிப்போச்சு. இப்ப அதே ஒலிய வச்சு ரத்தக்குழாய்க்கு வைத்தியமே பாக்குறாங்க, அதுக்குப் பேரு ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட்.

அல்ட்ரான்னா லத்தீன்ல அப்பால், சோனஸ்னா ஒலி. நம்ம காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எட்டும், அதத் தாண்டுனது இது. ஃபோகஸும் லத்தீன்தான், அங்க அதுக்கு அடுப்புன்னு அர்த்தம்! ஒளி குவியிற புள்ளிக்கு அந்தப் பேர 1604ல வச்சவரு கெப்ளர்.

தமிழ்ல ஸ்கூல் புக்கு மீயொலிங்குது, மீன்னா மேல. ஒரே சிக்கல், சூப்பர்சானிக்கையும் சிலர் மீயொலி வேகம்னு எழுதுறாங்க, அது வேகம், இது அதிர்வெண். பேச்சுக்குக் கேளா ஒலி நல்லாத்தான் இருக்கு, ஆனா கூட்டுச்சொல்லுக்கு மடங்காது. குவிலென்ஸ் மாதிரி குவிமீயொலின்னு சொல்றதுதான் என் ஓட்டு. ரத்தக்குழாய்க்குள்ளயே விடுற சின்னக் கருவிக்கு நுண் குவிமீயொலிக் கருவி.

வேலை எப்படின்னா, பூதக்கண்ணாடியில வெயிலக் குவிச்சா பேப்பர் கருகுதுல்ல, அதே கணக்கு, வழியில இருக்குற தோலுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, குவியிற எடத்துல மட்டும் சூடு ஏறும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நாள்பூரா நிக்கிறவங்க கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சும்பாங்களே, அது நரம்பே இல்ல, சிரை, அதாவது ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற குழாய் (கொண்டுவர்றது தமனி). உள்ள இருக்குற வால்வு பழுதாகி ரத்தம் தேங்கிப் புடைச்சிருக்கும். வெளியில இருந்தே ஒலியக் குவிச்சு அந்தச் சிரையச் சூடாக்கிச் சுருங்க வச்சு மூடிட்டா ரத்தம் ஆழத்துல இருக்குற வேற சிரை வழியாப் போயிரும். கத்தி இல்ல, ஆனா பக்கத்துல நெசமான நரம்பு ஓடுதான்னு பாத்துத்தான் குவிக்கணும்.

ரத்தம் கட்டி அடைச்சிருந்தா கதை வேற. அங்க சூடு வேணாம், அதிர்வு போதும். கதீட்டர்ங்கிற மெல்லிசுக் குழாய்ல குட்டிக் குட்டி பீசோ துண்ட வச்சு உள்ள விடுவாங்க. பீசோன்னா அமுக்குனா கரண்டு குடுக்குற படிகம், அத கியூரி அண்ணன் தம்பி 1880ல கண்டாங்க, கரண்டு குடுத்தா அதுவே அதிரும், இங்க வேணுங்கிறது அதுதான். அந்த அதிர்வுல கட்டியோட நார் தளர்ந்து, கரைக்கிற மருந்து உள்ள நல்லா இறங்கும். கதீட்டர்ல இப்ப புழக்கத்துல இருக்குறது பெரும்பாலும் நாலாபக்கமும் அதிர்வ அனுப்புற வகை, முனையிலயே ஒலியக் குவிச்சு நேரா கட்டி மேல அடிக்கிற குட்டிக் கருவி இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு.