டிரெய்லரில் படகு, சங்கிலியில் பூட்டு: எது எவ்வளவு தாங்கும்?

தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி மூக்கையூர்ப் பக்கம் கொண்டுபோகிறவர்கள், ராத்திரி எங்காவது நிறுத்தித் தூங்க வேண்டியிருந்தால் சங்கிலியைச் சுற்றி ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அந்தப் பூட்டு தாங்குமா? கம்பியின் தடிமனையும் எஃகின் வகையையும் சங்கிலி தொங்குகிற உயரத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருடன் கொண்டுவருகிற போல்ட் கட்டர் ஒரு நெம்புகோல்தான். கைப்பிடி 60 செ.மீ., வெட்டும் வாய் அச்சிலிருந்து 2 செ.மீ. என்றால் கையின் விசை 30 மடங்காகும். 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் வாயில் 600 கிலோ விழும். சங்கிலி தரையில் கிடந்தால் இன்னும் மோசம், ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மற்றதன்மேல் முழு உடம்பையும் சாய்க்கலாம், அப்போது 20 கிலோ என்பது 60 ஆகிவிடும். அதனால் சங்கிலியைத் தொய்வில்லாமல், தரையிலிருந்து நல்ல உயரத்தில், சக்கரத்தையும் டிரெய்லர் சட்டத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். கம்பி 6 மி.மீ.க்குப் பதிலாக 12 மி.மீ. என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு, வெட்டத் தேவையான விசையும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும்.

சரி, எந்த எஃகு? நல்ல பூட்டுக் கம்பியின் மேல்தோலில் கார்பனை ஏற்றி, சூடாக்கி, சட்டென்று குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு கட்டர் வாய்க்கு ஈடான கடினம் பெறும், உள்ளே மட்டும் கொஞ்சம் நெகிழ்வு இருப்பதால் சுத்தியலுக்கும் நொறுங்காது. ஆனால் அது துருப்பிடிக்கும். 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) உப்புக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் அதை இப்படிச் சூடாக்கிக் கடினமாக்க முடியாது. நம் கரையில் இதுதான் பெரிய சிக்கல். என்னைக் கேட்டால், கடினமாக்கிய எஃகையே வாங்கி அதைத் துருவிலிருந்து காப்பாற்றுவதுதான் சரி.

துரு ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோடியம் குளோரைடு தானாக ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும்; கடல் உப்பில் இருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கரையும். மழையே பெய்யாவிட்டாலும் பாம்பனில் கிடக்கிற பூட்டுக்குள் உப்புத்தண்ணீர் இருக்கும் என்று அர்த்தம். உள்ளே பித்தளைச் சிலிண்டர், துவாரத்துக்கு ரப்பர் மூடி, இரண்டும் உள்ள பூட்டாகப் பாருங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்துவதால் உப்புத்தண்ணீரோடு சேர்ந்து துருவை வேகப்படுத்தும்.

அப்புறம் இன்ஜின். படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற சிறிய அவுட்போர்டு இன்ஜின் இரண்டு திருகுப் பிடிகளில்தான் தொங்குகிறது, இரண்டு பேர் நின்றால் சில நிமிடத்தில் கழற்றித் தூக்கிவிடுவார்கள். இரண்டு பிடிகளையும் சேர்த்து மூடுகிற குழாய்ப் பூட்டு போட்டால் அவை திரும்பாது.

பேட்டரியில் ஓடுகிற, இரும்பு அறுக்கும் கிரைண்டர் எந்தப் பூட்டையும் அறுத்துவிடும், சத்தமும் தீப்பொறியும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் விளக்கும் ஆளும் உள்ள பெட்ரோல் பங்க் ஓரமாக, இணைப்புக் கொக்கி சுவரைப் பார்த்திருக்க நிறுத்துங்கள். ஒரு ஜிபிஎஸ் கருவியையும் படகுக்குள் ஒளித்துவையுங்கள். சுமார் 20,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள்களின் சிக்னல் ஃபைபரை ஊடுருவி வந்துவிடும், இரும்புப் பெட்டிக்குள் போகாது. கருவி தன் இடத்தைச் சொல்வது சிம் வழியாக, அதில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கக் கூடாது.