மயக்கம் வரவில்லை, ஸ்கேன் நார்மல், ஆனாலும் ஆடக்கூடாது

கன்கஷன், அதாவது இடி விழுந்து மூளை குலுங்கி அதன் செயல்பாடு கெடுவது பற்றி, ஒரே கதையை இந்த சீசனில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டதால்தான் எழுதுகிறேன். ஐஸ் ஹாக்கி ஆடும் பையன், பதினேழு பதினெட்டு வயது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தலை போர்டில், அதாவது ஐஸைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரில், மோதுகிறது. எழுந்து பெஞ்சுக்குப் போகிறான், தன் அடுத்த முறை வந்ததுமே மறுபடி இறங்குகிறான். சனிக்கிழமை முழுக்கத் தலைவலி. யாரிடமும் சொல்வதில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் வருகிறார்கள். அன்றைக்கு இன்னொரு மோதல். பெரிய அடிகூட இல்லை, தோளில் ஓர் இடி, அவ்வளவுதான். அதற்கப்புறம் வாரக்கணக்கில் வெளிச்சத்தில் கண் கூசுகிறது, படித்தது மனதில் நிற்பதில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. என்னிடம் வரும்போது அப்பா கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். "நார்மல்னு போட்டிருக்கு டாக்டர். மயக்கமும் போடலை. ஹெல்மெட்டும் போட்டிருந்தான். அப்புறம் ஏன் ஆடக்கூடாதுங்கறீங்க?"

முதலில் ஹெல்மெட். மண்டை ஓடு உடையாமல் காப்பது அதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது. 1968 ஜனவரியில், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல், மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணியின் பில் மாஸ்டர்டன் ஹெல்மெட் இல்லாமல் ஆடி, தலை ஐஸில் மோதி, இரண்டு நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் என்.எச்.எல். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1979 வரை ஆனது, அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். ஆகவே ஹெல்மெட்டை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை, நின்றுகொண்டிருப்பவர்கள்தான் முன்னால் சாய்கிறார்கள். மண்டைக்குள் மூளையின் நிலையும் அதுதான். வேகமாக வந்து சட்டென்று நிற்கும் தலைக்குள் மூளை குலுங்குவதை எந்த ஹெல்மெட்டும் முழுதாகத் தடுப்பதில்லை. தலையில் அடியே படாமல், உடம்பில் விழுந்த இடியிலேயே கன்கஷன் வருவதும் உண்டு.

அடுத்து அந்த ஸ்கேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. சி.டி. ஸ்கேன் எதற்காக எடுக்கிறோம்? ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க. அதாவது உயிருக்கு உடனடி ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. கன்கஷன் அந்தக் கேள்வியே இல்லை. கன்கஷனில் கெடுவது மூளையின் செயல்பாடு. வழக்கமான ஸ்கேனில் அது தெரியாது. கன்கஷன் உறுதியான நோயாளிகளில் பெரும்பாலானவர்களின் ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும். அப்படி இருப்பது நல்ல செய்திதான், சந்தோஷப்படுங்கள். ஆனால் அது ஆடுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. மயக்கமும் இதே மாதிரிதான். கன்கஷன் வந்தவர்களில் மயக்கம் போடுபவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் தாங்களே எழுந்து நிற்பார்கள், ஸ்கோர் சரியாகச் சொல்வார்கள், "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார்கள். சிலருக்கு அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியவரும். அதனால் பெஞ்சில் நன்றாக இருந்தான் என்ற சாட்சியும் எனக்குப் போதாது. அன்று சந்தேகம் வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. யார் கெஞ்சினாலும் சரி.

"ஓய்வெடுத்தால் கேரியர் போய்விடும் டாக்டர்." இதையும் நிறையக் கேட்கிறேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஒரு அணியில் இருபது பேருக்குத்தான் அன்றைக்கு இடம், வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். கீழ் லீக்கில் இருப்பவனுக்கு ஒரு வாரம் உட்காருவதே நடுக்கமாக இருக்கும். ஆனால் கேரியரை எது குறைக்கிறது என்று பாருங்கள்.

2011 ஜனவரி 1 அன்று பிட்ஸ்பர்கில் நடந்த வின்டர் கிளாசிக் என்ற திறந்தவெளி என்.எச்.எல். ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியின் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பியின் தலையில் இடி விழுந்தது. நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் இறங்கினார், இன்னொரு முறை போர்டில் மோதினார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகளோடு இருந்தவர், 41 ஆட்டங்களோடு நிற்க வேண்டியதாயிற்று. நவம்பரில் திரும்பி வந்தார், எட்டு ஆட்டத்தில் அறிகுறிகள் மறுபடி வந்தன. அடுத்து அவரை ஐஸில் பார்த்தது 2012 மார்ச்சில்தான். ஓராண்டுக்கு மேல் கிட்டத்தட்ட முழுதாக வெளியே. அப்போது கேரியர் முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. 2016, 2017 இரண்டு ஆண்டும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய பென்குவின்ஸ் அணிக்குக் கேப்டன் அவர்தான்.

மறுபக்கம் என்.எச்.எல். வீரர்களான லிண்ட்ராஸ் சகோதரர்கள். எரிக் அடுத்தடுத்துக் கன்கஷன்களைத் தாங்கியவர். 2000 மார்ச்சில் அடிபட்ட பிறகும் அறிகுறிகளோடு சில ஆட்டங்கள் ஆடினார். மே மாதம் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில், திரும்பி வந்தவர், எதிரணியின் ஸ்காட் ஸ்டீவன்ஸின் தோளில் மோதி விழுந்தார். அதன் பிறகு சில ஆண்டுகள் ஆடினாலும் பழைய எரிக் இல்லை. தம்பி பிரெட் 1996-ல், இருபது வயதிலேயே, கன்கஷன்களால் ஓய்வு பெற்றார்.

டெரிக் போகார்டைப் பற்றியும் கேட்கிறார்கள். சண்டைக்கென்றே அணியில் இருந்த வீரர், 2011-ல் 28 வயதில் இறந்தார், மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. ஒரே ஒரு கன்கஷன் வந்தவருக்கெல்லாம் இது வரும் என்று நான் சொல்ல மாட்டேன், அது தப்பு. ஆண்டுக்கணக்கில் தலையில் அடி வாங்கிக்கொண்டே இருப்பதுதான் கவலை.

சரி, செய்ய வேண்டியது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மந்தம், எல்லாம் மெதுவாக நடப்பது போன்ற உணர்வு, இதில் ஒன்று இருந்தாலும் ஐஸை விட்டு வெளியே வாருங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினால் எழாத தூக்கம் என்றால், கை கால் பலவீனம் என்றால், கழுத்து வலித்தால் நேராக அவசர சிகிச்சைக்கு. அங்கே ஸ்கேன் தேவை, அப்போது அதன் அவசியத்தை நானும் சொல்வேன்.

மற்றவர்கள் முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுங்கள், போனையும் குறையுங்கள். வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைக்கும் பழக்கத்தை நாங்கள் கைவிட்டாயிற்று, தயவுசெய்து நீங்களும் விடுங்கள். அப்புறம் மெதுவான நடை, சைக்கிள், தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதலுள்ள பயிற்சிக்கு முன்னால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். "எப்போ ஆடலாம்?" என்று தேதி கேட்காதீர்கள். பலருக்கு நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது.

வீரர்களுக்கு ஒன்று. பின்னால் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சீசன் தொடக்கத்தில் நினைவையும் கவனத்தையும் சோதிக்கும் பேஸ்லைன் பரிசோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதாம். அதில் கேட்கும்போது மாதங்களின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்லத் தெரியாத மாதிரி நடித்து நீங்கள் ஏமாற்றுவது உங்கள் மூளையைத்தான்.

பெற்றோருக்கு: சின்ன வயதில் பாடி செக்கிங், அதாவது எதிராளியை உடம்பால் இடித்துத் தடுப்பது, இல்லாத லீக்கில் சேர்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கனடாவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் ஹாக்கி கனடாவே 2013-ல் பீவீ எனப்படும் 11, 12 வயதுக் குழந்தைகளுக்கு அதை நிறுத்திவிட்டது. மௌத்கார்ட் போடச் சொல்லுங்கள், பல்லுக்காக மட்டுமில்லை.

டிரெஸ்ஸிங் ரூமில் பக்கத்தில் உட்காரும் நண்பர்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவன் ஸ்கேட் லேஸைக் கட்டத் தடுமாறுவதையும், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பதையும் எங்களுக்கு முன்னால் பார்ப்பது நீங்கள்தான். அவன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. டிரெய்னரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.