காய்கிற வாஷில் கை வைக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு வாட்டர்கலர் வானம் பாழ். மேலிருந்து கீழே சீராக இறங்கிய நீல வாஷ் (நீர் கலந்த நிறத்தை மெல்லிய பூச்சாகப் பரப்புவது), மாணவி அருமையாகவே போட்டிருந்தாள். காய்வதற்குள் ஒரு மூலை வெளுத்துத் தெரிந்ததாம். பிரஷ்ஷை நனைத்து லேசாக ஒரு தடவல். கொஞ்ச நேரத்தில் அங்கே காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட கறை. "அங்கே விட்டுப்போச்சு பாரு" என்று எடுத்துக்கொடுத்தது பக்கத்தில் நின்ற பெரியவர்தான்!

பாதி காய்ந்த வாஷைத் திருத்த முடியாது. போஸ்டர் கலரில் முடியும், இதில் முடியாது. தாளில் பளபளப்பு இருக்கும்வரை கை வைக்கலாம். அது மங்கிவிட்டால் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம். முழுக்கக் காய்ந்தபின் இரண்டாவது வாஷ் தாராளமாகப் போடலாம். இடைப்பட்ட நேரத்து 'சின்ன' திருத்தத்தில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. வாட்டர்கலர் காய்ந்தால் எப்படியும் வெளுக்கும். முதலிலேயே ஒரு சாயல் கூட்டிக் கலக்கியிருந்தால் திருத்தும் ஆசையே வராது. அல்ட்ராமரீன் நீலம் பொரிப்பொரியாகத் தெரிவதும் குறையில்லை, அதன் குணமே அதுதான்.

அப்புறம், "இவனுக்குக் கை வரலை" என்று சொல்லும்முன் தாளைப் பாருங்கள். மெல்லிய டிராயிங் ஷீட் நனைந்ததும் அலை அலையாக எழும், பள்ளத்தில் நிறம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள், பலகையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். முழுத்தாள் வேண்டாம், கால் தாள் போதும்.

பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தேவைக்கு மேலேயே கலக்குங்கள். பாதியில் மறுபடி கலக்கினால் அதே சாயல் வராது. பெரிய பிரஷ். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் திரண்டு நிற்கும் நீரை அடுத்த கோடு தொட்டு இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கடைசியில் தேங்குவதைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் அது மேலே ஏறிக் கறையாகும்.

பளபளப்பு போகும்முன் ஹேர் டிரையர் வேண்டாம், காற்று நிறத்தைத் தள்ளிவிடும்.

இன்னொன்று. பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சில நிறங்களில் கேட்மியமும் கோபால்ட்டும் உண்டு. பிள்ளைகளிடம் கோபப்படாமல், துணியில் உருட்டிக் கூராக்கிக் காட்டுங்கள்.