தொலைநோக்கியில் மட்டும் தெரிந்த நூல்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இருக்கும் என் கண் பரிசோதனை அறைக்கு ஓர் அண்ணன் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். "கண்ணுல நூல் நூலா மிதக்குது மேடம். புரை விழுந்துருச்சோன்னு பயமா இருக்கு" என்றார். எப்போதெல்லாம் தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "மகளுக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். அதுல நிலாவைப் பார்க்கிறப்ப மட்டும்தான்."

விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தேன். புரையும் இல்லை, வேறு கோளாறும் இல்லை. அடுத்த முறை டெலஸ்கோப்பைப் பெட்டியோடு எடுத்து வரச் சொன்னேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '675 மடங்கு' என்று இருந்தது. உள்ளே 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் (ஒளி வந்து குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்ட குழியாடி. கூடவே கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் இரண்டு, குவியத் தூரம் ஒன்றுக்கு 20 மி.மீ., மற்றதுக்கு 4 மி.மீ. உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. 900-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 675 வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் குழியாடியின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அது தாங்கும் எல்லை. 114-க்கு அது 228 மடங்கு, அதுவும் காற்று அசையாத இரவில். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது.

நூல்கள் எங்கிருந்து வந்தன? விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 675 மடங்கில் அது 0.17 மி.மீ., இரண்டு தலைமுடி சேர்ந்த அளவு. கண்ணுக்குள் இருக்கும் கூழில் வயதாக ஆக மெல்லிய இழைகள் திரளும். சாதாரண வெளிச்சத்தில் அவற்றின் நிழல் கலங்கிக் கரைந்துவிடும். இவ்வளவு மெல்லிய கற்றையில் அதே நிழல் விழித்திரையில் கூர்மையாக விழும். அண்ணன் பார்த்தது அதைத்தான். டெலஸ்கோப் இல்லாமலே திடீரென்று நிறைய நூல்கள், மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல் தெரிந்தால் அது வேறு விஷயம். விழித்திரை பிரியும் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அவருக்கு நான் முதலில் சொன்னது 32 மி.மீ. பிளாசல் ஐபீஸ். வியன்னாவில் கியோர்க் சைமன் பிளாசல் 1860-இல் உருவாக்கிய அமைப்பு, இன்றைக்கும் கொடுத்த காசுக்குக் குறை வைக்காது. 900 மி.மீ. குழாயில் 28 மடங்குதான் வரும். வானத்தில் மூன்று நிலாவை வரிசையாக வைக்கும் அளவு இடம் தெரியும். எதையும் தேடிப் பிடிக்க இதுதான் வசதி. தீவின் பாலிக் புலாவ் பக்கம் இருட்டான இடத்துக்குப் போனால் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை இதில் பாருங்கள்.

பிளாசலில் ஒரு சங்கடம் உண்டு. குவியத் தூரம் குறையக் குறைய, கண்ணை லென்ஸோடு ஒட்டவைக்க வேண்டியிருக்கும். 10 மி.மீ. பிளாசலில் கிடைக்கும் இடைவெளி சுமார் 7 மி.மீ. மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு 15 முதல் 20 வரை வேண்டும். பெட்டியில் வந்த அந்த 4 மி.மீ. ஐபீஸைப் பார்த்தேன், இமைமயிர் உரசி உரசிக் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் கோள்களுக்கு 6 அல்லது 9 மி.மீ.-இல், 66 பாகைக் காட்சிப்புலத்தோடு (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் பரப்பின் அகலம்) தங்க நிற வளையம் போட்டு விற்கும் வகையைச் சொன்னேன். இடைவெளி 15 மி.மீ. அளவுக்கு இருக்கும். 6 மி.மீ. போட்டால் 150 மடங்கு, சனியின் வளையத்துக்கு அது தாராளம்.

வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகைத் திருப்பினால் போதும். சிதறல் பார்வை, அதாவது அஸ்டிக்மேட்டிசம் இருந்தால் திருகு உதவாது. 32 மி.மீ. ஐபீஸில் கற்றை 4 மி.மீ. தடிமன், நட்சத்திரம் கோடாக இழுபடும், ஆகவே கண்ணாடியோடு பாருங்கள். 6 மி.மீ. ஐபீஸில் கற்றை 1 மி.மீ.-க்கும் கீழே இறங்கிவிடும். சிறிய அளவு சிதறல் அதில் தெரியாது. என்னிடம் வரும்போது உங்கள் பவர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், எது தேவை என்று சொல்லிவிடலாம்.

வாங்கும் முன் டெலஸ்கோப்பில் ஐபீஸ் செருகும் துளையை அளந்துகொள்ளுங்கள். இப்போதைய ஐபீஸ்கள் 31.7 மி.மீ., பழைய சிறிய டெலஸ்கோப்புகளில் 24.5 மி.மீ. இருக்கும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், ஈரப்பதம் 40-50 விழுக்காடு இருக்கும் டிரை பாக்ஸில் வையுங்கள்.

பெட்டியின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி, 'சன்' என்று பொறித்திருந்தது. குழாய் குவிக்கும் சூரிய வெப்பம் முழுவதும் விழும் இடத்தில் அது உட்காரும். வெடித்தால் கண்ணை எடுக்க நேரமிருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது, கருகியது பிறகுதான் தெரியும். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று கடைக்கு வந்த எல்லாரிடமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அண்ணனிடம் கேட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியை வாங்கி, என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டேன்.