பதினைந்து கோடி மில்லில் பாதி எவ்வளவு?

"மில்லு பதினஞ்சு கோடி போகுமுங்க. பாதி என்னுது. ஏழரையை வாங்கிக் குடுங்க."

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. அண்ணனிடமிருந்து பிரிய வந்த தம்பி சொன்னது. ஏழரை என்று காதில் விழுந்ததுமே எனக்குத் திக்கென்றது.

15 கோடி தப்பில்லை. (அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றியிருக்கிறேன்.) அதே அளவு ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்) ஓடும் பக்கத்து மில் அந்த விலைக்குத்தான் கைமாறியது. ஆனால் அதற்குக் கடனே கிடையாது. 15 கோடி என்பது தொழிலின் விலை. பணம் போட்ட மற்ற எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் பங்குதாரருடையது.

பேலன்ஸ் ஷீட்டை விரித்தோம். டேர்ம் லோன் 4 கோடி. சி.சி. (கேஷ் கிரெடிட்; லிமிட் வரை எடுத்து எடுத்துக் கட்டும் பேங்க் கடன்) 2.5 கோடி, "அது சும்மா ரொட்டேஷனுங்க" என்று தம்பி ஒதுக்கப் பார்த்தார். வருஷம் முழுக்க லிமிட்டை முட்டிக்கொண்டு நிற்கும் சி.சி.யை நான் கடனாகத்தான் எடுப்பேன். அப்பா கொடுத்த கைமாற்று 1 கோடி. அத்தை கையில் 2 கோடிக்கு 9 சதவீத முன்னுரிமைப் பங்கு; சாதாரணப் பங்குக்காரர்களுக்கு முன்னால் டிவிடெண்டும் பணமும் இதற்குத்தான் போக வேண்டும். 3 வருஷமாக டிவிடெண்ட் தரவில்லை. தராவிட்டால் சேர்ந்துகொண்டே போகும் வகை என்பதால் 54 லட்சம் பாக்கி. தொழிலாளர்களின் கிராஜுவிட்டி 46 லட்சத்துக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் கழித்து, பேங்கில் கிடந்த 50 லட்சத்தைக் கூட்டினால் 5 கோடி. பாதி, இரண்டரை.

அந்த இரண்டரையும் உறுதியில்லை. நூல் விலை சரிந்து மில்லின் மதிப்பு 10 சதவீதம் இறங்கினால் பக்கத்து மில்காரருக்கு 10 சதவீதம்தான் நட்டம். இங்கே 5 கோடி 3.5 கோடியாகிவிடும்; 30 சதவீதம் போச்சு.

அண்ணன் தரப்பு ரிப்போர்ட்டில் வேறு கோளாறு. வட்டியும் தவணையும் கட்டியபின் மிஞ்சும் பணத்தை வைத்து மதிப்புப் போட்டுவிட்டு, அதிலிருந்து மறுபடி கடனைக் கழித்திருந்தார்கள். ஒரே கடன் இரண்டு தடவை! இந்தத் தப்பை அடிக்கடி பார்க்கிறேன்.

அத்தையின் பங்குப் பத்திரத்தையும் வாங்கிப் படித்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய வகை. 2013 கம்பெனிச் சட்டம் 55ஆம் பிரிவின்படி பொதுவாக 20 வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே கழித்தது சரி. கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் வகையாக இருந்திருந்தால் கழிக்கக் கூடாது, பங்கு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அப்போது தம்பிக்குப் பாதியே இருக்காது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: "அப்பா கைமாத்துல எனக்குப் பாதி வருமுங்களா?"

அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.