2010-இன் மூன்று நெட்டையர்கள்: ஓர் எலும்பு டாக்டரின் கணக்கு

2010 ஜூலையில் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ரசிகர்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் எந்த அணிக்குப் போவார்? எலும்பு மூட்டு டாக்டரான எனக்கு அதே சந்தையில் நின்ற மூன்று நெட்டையர்கள் மீதுதான் கண். கிறிஸ் பாஷ், அமாரே ஸ்டாடமையர், கார்லோஸ் பூசர். மூவரும் ஃப்ரீ ஏஜென்ட்கள், அதாவது பழைய ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு எந்த அணியிலும் சேரக்கூடியவர்கள். கூடைக்கு அடியில் ஆட ஆள் தேடும் எந்த அணியும் அவர்களிடம் விலை பேசலாம்.

முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக பாஷ் 24 புள்ளிகள், 10.8 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஸ்டாடமையர் 23.1 புள்ளிகள், 8.9 ரீபவுண்ட். பூசர் 19.5 புள்ளிகள், 11.2 ரீபவுண்ட். வயது முறையே 26, 27, 28. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலிரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த சீசனில் பாஷ் 70 ஆட்டம்தான் ஆடியிருந்தார், ஸ்டாடமையர் மொத்தம் உள்ள 82-ஐயும் ஆடியிருந்தார்.

ஆனால் ஸ்டாடமையரின் இடது முழங்காலில் 2005 அக்டோபரில் மைக்ரோஃபிராக்சர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் சிறுசிறு துளைகள் போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து கசியும் ரத்தம் அங்கே உறைந்து, மாதக்கணக்கில் புதிய திசுவாக மாறும். அந்தத் திசு பிறவியில் வந்த குருத்தெலும்பு அல்ல. மழைக்குப் பின் சாலைக் குழியில் ஒட்டுப்போட்ட தார் மாதிரி, வண்டி ஓடும், ஆனால் எத்தனை வருடம் தாங்கும் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அதனால்தான் அவருடைய பழைய அணியான ஃபீனிக்ஸ், ஐந்து ஆண்டுச் சம்பளத்துக்கும் முழு உத்தரவாதம் தரத் தயங்கியது. நியூயார்க் நிக்ஸ் அணி தயங்கவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர், ஐந்து ஆண்டு. முழங்கால் காரணமாக அந்த ஒப்பந்தத்துக்கு இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை.

முதல் வருடம் 78 ஆட்டம், சராசரி 25.3 புள்ளிகள். நிக்ஸ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். மூன்றாவது சீசனில் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை, மொத்தம் 29 ஆட்டம். மூட்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் வலி போய்விட்டது என்று மாடிப்படியில் ஓடிக் காட்டும் நோயாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன். வலி போனது நல்ல செய்திதான். அதை வைத்து மூட்டு பழையபடி ஆகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

பூசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிகாகோ அணிக்குப் போனார், சீசன் தொடங்கும் முன்பே வீட்டில் பை தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார் (எந்த மருத்துவப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிப்பது!), பிறகு ஓரளவு ஒழுங்காகவே ஆடினார். 2014-இல் அணி அவரை விடுவித்தது.

மூவரில் பத்திரமான முதலீடு பாஷ் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பெரிய மூட்டு அறுவை சிகிச்சை எதுவும் இல்லை, தூரத்திலிருந்து எறியும் கை, உடம்பை இடித்து ஆடும் பழக்கமும் குறைவு. அவர் போய்ச் சேர்ந்த மயாமி அணி அவரோடு 2012, 2013 என்.பி.ஏ. கோப்பைகளை வென்றது. அந்தக் கணிப்பு தவறவில்லை. ஆட்டத்தை நிறுத்தியது மூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. 2015 பிப்ரவரியில் அவருடைய நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரிந்தது. சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து ஆடினார். ஒரு வருடம் கழித்து ஆல் ஸ்டார் ஆட்டத்திலிருந்து (லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் காட்சி ஆட்டம்) விலகியபோது வெளியே சொல்லப்பட்ட காரணம், கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டது என்பது. பிறகுதான் மறுபடியும் ரத்தக்கட்டி என்ற செய்தி வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரை முழங்கை இடிபடும் ஆட்டத்துக்கு அனுப்ப முடியாது. தலையில் ஓர் அடி பட்டாலே உள்ளே ரத்தக்கசிவு ஆகலாம். 31 வயதில் ஆடியதே அவருடைய கடைசி என்.பி.ஏ. ஆட்டம்.

என் கிளினிக்கில் இதற்கு இணையாக நடப்பது, கெண்டைக்கால் வலியோடு வருகிறவர்கள், அது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம் என்று தெரியாமல், முதல் நாளே எண்ணெய் போட்டு உருவிவிட்டு வருவது. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர், கால் மாவுக்கட்டில் இருந்தவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், கர்ப்பிணி, கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உயரமானவர்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலித்தால் உருவிவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒரு டாப்ளர் ஸ்கேனிலேயே விஷயம் தெரிந்துவிடும். தசைப்பிடிப்பு என்று வந்தால் நிம்மதியாக ஐஸ் வைத்துக்கொள்ளலாம்.

மூச்சு வாங்குதல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் என்றால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்; கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இள வயதில் ரத்தக்கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்பு டாக்டர்கள் நாங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கிற அவசரத்தில் கேட்காமல் விட்டாலும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.